வண்ணத்துக்கு அடியில் இருக்கும் பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமையலறை அலமாரிகளுக்கு லேமினேட் ஒட்டாமல் வண்ணம் பூசுவது சென்னை அடுக்ககங்களில் பெருகி வருவது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிறங்களைப் பற்றி விரிவாகப் பேசிய அக்கட்டுரை, பலகையைப் பற்றி மட்டும் 'மரைன் பிளை', அதாவது நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை, போட்டால் போதும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. இரண்டு முறை சமையலறை அமைத்து, முதல் முறை செலவழித்தது அத்தனையும் வீணாகக் கண்டவள் என்பதால், அந்த ஒரு வரி போதாது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2016இல் எங்கள் நங்கநல்லூர் வீட்டுக்குப் பலகை வாங்கியபோது, கடைக்காரர் 'வாட்டர் புரூஃப் பிளை' என்று வாயால் சொன்னார். பில்லில் '8க்கு 4, 19 எம்.எம். பிளை' என்று மட்டுமே எழுதினார். பிரைமரும், மேடுபள்ளம் நிரப்பும் பட்டியும் ஏறிய பிறகு பலகையின் மேல் இருந்த முத்திரை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் சிங்க்கின் கீழ்க் கதவு அடிவிளிம்பில் உப்பி, வண்ணம் கொப்புளித்தது. ஆசாரி கழற்றிப் பார்த்தபோது அடுக்குகள் கையோடு பிரிந்து வந்தன. அது எம்.ஆர். வகை, அதாவது கமர்ஷியல் பிளை என்று அவர்தான் சொன்னார்.

எம்.ஆர். என்பது காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும் என்ற அளவில்தான். தேங்கும் நீரைத் தாங்கும் என்று பொருளல்ல. பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டப்படும் அதற்கு ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரநிர்ணயம் உண்டு. மரைன் பிளைக்கு உரியது ஐ.எஸ். 710, அதன் பீனால் ஃபார்மால்டிஹைடு பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாதிருக்க வேண்டும் என்பது அதன் சோதனை. ஆகவே சிங்க்கின் கீழ் வரும் பெட்டிக்கும், தரையைத் தொட்டு நிற்கும் பெட்டிகளுக்கும் 710 முத்திரை உள்ள பலகையைத்தான் கேட்க வேண்டும் என்பதில் கட்டுரையாளரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் கதவுகளின் கதை வேறு. வண்ணம் பூசும் கதவுக்கு நீரைத் தாங்கும் பசை மட்டும் போதாது. மேற்பரப்பு அசையாமல் மழமழப்பாக இருக்க வேண்டும். உரித்தெடுத்த மெல்லிய மரத்தோலை மேலே ஒட்டிய பிளைவுட்டில், அது எவ்வளவு உயர்ந்த மரைன் பிளையாக இருந்தாலும், நாளடைவில் அந்தத் தோலின் நுண்கீறல்கள் வண்ணத்தின் வழியே மயிரிழைக் கோடுகளாகத் தெரியத் தொடங்கும். அதனால்தான் அனுபவமுள்ள பெயின்டர்கள் கதவுக்கு, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். அல்லது அதைவிட அடர்த்தியும் ஈரம் தாங்கும் தன்மையும் கூடிய எச்.டி.எச்.எம்.ஆர். பலகையைக் கேட்கிறார்கள். இவற்றில் மர ரேகை இல்லை. ஆனால் வெட்டுவிளிம்பு நீரை உறிஞ்சும் என்பதால், நான்கு விளிம்புகளையும், கீல் பொருத்தக் குடைந்த 35 எம்.எம். குழியின் உட்புறத்தையும்கூட பிரைமரால் அடைத்தாக வேண்டும். முன்பக்கம் பூசும் அதே அளவு பின்பக்கமும் பூச வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் பூசினால் இரு பக்கமும் ஈரத்தை வேறு வேறு அளவில் உறிஞ்சிக் கதவு வளைந்துவிடும். எங்கள் பக்கத்து வீட்டில் நடந்ததும் இதுதான்.

'அசல் மரம்தான் நல்லது, தேக்கில் செய்யுங்கள்' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. தேக்கின் உறுதியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் எண்ணெய்ப்பசை வண்ணம் பிடிப்பதைத் தாமதிக்கும். அதன் துளைகளை அடைக்கப் பட்டி வேலை கூடும். எந்த மரமாக இருந்தாலும் ஐப்பசி கார்த்திகை மழையில் குறுக்குவாட்டில் விரிந்து, கத்திரி வெயிலில் சுருங்குவதால், சட்டங்கள் சேரும் மூட்டுகளில் வண்ணம் வெடிக்கும். அழகான ரேகையுள்ள தேக்கை வாங்கி வண்ணத்தால் மூடுவது எனக்கு மனம் ஒப்பாத செயல். தேக்கு வேண்டுமென்றால் பாலிஷ் போட்டு ரேகை தெரிய வைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

இரண்டாம் முறை, பலகை வீட்டுக்கு வந்த அன்றே, ஒவ்வொரு பலகையிலும் இருந்த ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணையும் கைபேசியில் படமெடுத்து, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைச் சரிபார்த்த பிறகே அறுக்க விட்டேன். அரை மணி நேர வேலைதான். ஆயினும் இந்தச் சுமை முழுவதும் வாங்குபவர் தலையில் மட்டும் விழக் கூடாது. பலகையின் வகை, ஐ.எஸ். எண், உரிம எண் ஆகிய மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சென்னையிலுள்ள பிளைவுட் வணிகர்கள் முன்வர வேண்டும்; பில்லில் இல்லாத வாய்ச்சொல்லை நம்பி எங்களைப் போன்றவர்கள் வழக்காட முடியவில்லை. உங்கள் வீட்டுப் பகுதிக் கட்டுரைகள் நிறத்துக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது பலகைக்குக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை – 61