அல் ஐனில் ஒரு அரை நாள்: அமீரகத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

குளிர்காலச் சுற்றுலா நடத்தும் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

அல் ஐன் பயணம் என்றால் உங்கள் நிகழ்ச்சி நிரல் எனக்கு மனப்பாடம். காலையில் மிருகக்காட்சிச் சாலை, மதியம் பிரியாணிப் பொட்டலம், சாயங்காலம் ஜபல் ஹஃபீத் மலை உச்சியில் குழுப்படம், முபஸ்ஸரா வெந்நீர் ஊற்றில் கால் நனைப்பு, திரும்பும் பஸ்ஸில் பாட்டுக்குப் பாட்டு. நான்கு முறை நானும் வந்திருக்கிறேன். நான்கு முறையும் ஊர் நடுவே இருக்கும் பேரீச்சந்தோப்பை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். போன மாதம் தனியாகப் போய் அரை நாள் அதற்குள் நடந்தேன். அந்த அரை நாளை அடுத்த பயணத்தில் எல்லோருக்கும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நுழைவுக் கட்டணம் கிடையாது. இது பொருளாளர்களின் கவனத்துக்கு.

உள்ளே போனதும் வாய்க்காலைப் பாருங்கள். அதற்கு ஃபலஜ் என்று பெயர். மலைப்பக்கம் தோண்டிய ஆழமான தாய்க்கிணற்றிலிருந்து நிலத்தடியில் சுரங்கம் வெட்டி, ஏற்றமோ பம்போ இல்லாமல் வெறும் வாட்டத்திலேயே தண்ணீரைத் தோப்புக்குக் கொண்டுவந்தார்கள். வழிநெடுக, தூர் வார ஆள் இறங்கும் குழிகள். இந்தத் தோப்புக்கு அல் ஐனி, தாவூதி என்று இரண்டு ஃபலஜ்கள். பக்கத்து ஹீலியில் அகழ்ந்து கண்ட ஃபலஜுக்கு வயது ஏறக்குறைய 3,000 ஆண்டு. சுலைமான் நபி ஜின்களை ஏவி வெட்டியது என்று ஓமான் பக்கம் கதை உண்டு. சரி, நம் ஊரிலும் ஒரே ராத்திரியில் பூதம் கட்டிய கதைகள் இருக்கின்றனவே!

தோட்டக்காரர்களுக்குள் தண்ணீர் முறை வைத்துப் பாயும். பகலில் நிழலை அளந்தும் இரவில் நட்சத்திரம் பார்த்தும் முறை மாற்றுவது இந்தப் பகுதியின் பழைய வழக்கம். அதைக் கவனித்துக்கொண்டவரை அரீஃப் என்பார்கள். நம் கண்மாய்க்கரையில் மடை திறந்து முறை விட்ட நீர்க்கட்டி என்னும் ஊர்ப் பணியாளரின் வேலையேதான். பஸ்ஸில் பாதிப்பேர் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம். அந்த இடத்தில் மைக்கை அவர்களிடம் கொடுங்கள், வழிகாட்டி தேவைப்படாது. 1946-இல் இந்தப் பகுதியின் பொறுப்புக்கு வந்த, பின்னாளில் அமீரகத்தின் முதல் அதிபரான ஷேக் சாயித் ஃபலஜ்களைச் சீர்செய்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நிலத்தடி நீர் இறங்கிப்போய், இன்று குழாய்க் கிணறுகள்தான் ஃபலஜுக்குக் கைகொடுக்கின்றன. அதையும் மறைக்க வேண்டாம்.

மரங்கள் 1,47,000, வகைகள் நூறு வரை என்பது சுற்றுலாத் துறையின் கணக்கு. நான் எண்ணவில்லை. ஆனால் அந்த நிழல்! மேலே பேரீச்சை, அதன் கீழே மா, எலுமிச்சை, வாழை, தரையில் ஆட்டுக்குக் குதிரைமசால். வெளியே தார்ச்சாலை கொதிக்க, உள்ளே மண்சுவர் ஓரம் ஈரமண் வாசனை. இடுப்பில் ஹாபூல் என்னும் கயிற்றுப் பட்டையோடு மரத்தில் இருந்தார் ஒரு வங்காளதேசத்துக்காரர். பாளை வெடிக்கும் பிப்ரவரி, மார்ச்சில் ஆண் பூவை எடுத்துக்கொண்டு மரம் மரமாக ஏறி, பெண் பாளைக்குள் கையாலேயே செருகுவாராம். நம் பனையேறிகள் பார்த்தால் அவரோடு ஒரு மணி நேரமாவது பேசுவார்கள்.

அப்புறம், கொஞ்சம் கசப்பானது. ஒவ்வொரு மண்சுவருக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் சொந்தத் தோட்டம் இருக்கிறது. நான் போன அன்று ஒரு குழு (நம் ஆட்கள்தான்) ஸ்பீக்கரை அலறவிட்டு, வாய்க்காலில் காலி டப்பாக்களை மிதக்கவிட்டு, சுவர் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அல் ஐனின் தோப்புகளும் தொல்லிடங்களும் 2011-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின; அமீரகத்திலிருந்து முதலில் இடம்பெற்றவை இவைதான். பட்டியலில் இல்லாவிட்டாலும், பிறர் வாய்க்காலில் குப்பை போட எந்த ஊர்க்காரருக்கும் மனம் வரக்கூடாது.

பிரியாணியைப் பக்கத்தில் ஜாஹிலி கோட்டைப் பூங்காவில் பிரித்துக்கொள்ளலாம். குப்பைப்பைக்கு நான் பொறுப்பு. ஜனவரிப் பயணத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கடைசி சீட்டானாலும் சரி.

அன்புடன்,
நான்கு முறை ஜன்னலோடு திரும்பிய ஒரு பழைய உறுப்பினர்