கேபிள் ஆபரேட்டர்கள் நலச் சங்கம்: செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தொழில் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டுதோறும் தலைமை அஞ்சலகத்தில் 500 ரூபாய் கட்டிப் புதுப்பித்து வந்த நம் கேபிள் தொழில் பதிவு, 2025 ஜனவரியிலிருந்து இணையவழிக்கு மாறிவிட்டது. இனி ஐந்தாண்டுக்கு ஒரு முறை 5,000 ரூபாய். சங்க அலுவலகத்திலேயே விண்ணப்பித்துக் கொடுக்கிறோம். இன்னும் செய்யாதவர்கள் ஆதார், பான் அட்டையுடன் வந்து முடித்துக்கொள்ளுங்கள். பதிவில்லாமல் தொழில் செய்தால் நாளை சங்கம் வந்து நிற்க முடியாது.

இனி நம் எல்லோர் மனத்தையும் அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வசூலுக்குப் போகிற தெருவிலெல்லாம் யாராவது ஒருவர், “பாக்ஸை எடுத்துக்கொண்டு போங்கள்” என்கிறார். நாடு முழுவதும் இதே நிலைதான். கட்டணத் தொலைக்காட்சி இணைப்பு 2018இல் 15.1 கோடியாக இருந்தது, 2024இல் 11.1 கோடியாகக் குறைந்துவிட்டது என்று அகில இந்திய டிஜிட்டல் கேபிள் கூட்டமைப்பின் ஆய்வறிக்கை சொல்கிறது. இது நம் வட்டத்தில் நாலைந்து பேரின் கெட்ட நேரம் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

போகிறவர்களைத் திட்டுவதற்கு முன் பழைய ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் ஒளிபரப்பு தொடங்கியபோது மாதச் சந்தா 70 ரூபாய். அதில் 20 ரூபாயை நிறுவனத்துக்குக் கட்டினோம், 50 ரூபாய் நம் கையில் நின்றது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. இலவசச் சேனல்களை மட்டும் பார்ப்பதற்கே மாதம் 130 ரூபாய் வரை இணைப்புக் கட்டணம், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களின் விலை அதற்கு மேல். நமக்குச் சிக்னல் தரும் நிறுவனத்தோடு தனி உடன்பாடு இல்லாத இடத்தில் அந்த 130 ரூபாயில் நம் பங்கு 45 சதவீதம், அதாவது 58 ரூபாய் 50 காசு. ஏழரை ஆண்டில் வாடிக்கையாளர் தரும் பணம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இணைப்புக் கட்டணத்தில் நமக்குக் கூடியது எட்டரை ரூபாய்தான். ஒயர், ஆம்ப்ளிஃபையர், கம்ப வாடகை, லைன்மேன் சம்பளம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர்களும் வெறுத்துப் போனார்கள், நாமும் வளரவில்லை.

அதோடு, நாம் விலைக்கு வாங்கும் சரக்கே வேறு கடையில் சும்மா கிடைத்தது. 2023 ஐ.பி.எல். ஆட்டங்கள் முழுவதும் கைப்பேசிச் செயலியில் இலவசம். அதே ஆட்டத்தை நம் ஒயர் வழியே பார்க்கச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. இது நியாயமற்ற போட்டி என்று சங்கம் தொடர்ந்து சொல்லும். செயலிகளுக்கு இல்லாத விலைக் கட்டுப்பாடு நமக்கு மட்டும் எதற்கு?

மக்கள் எங்கே போகிறார்கள் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரிலிருந்து இருக்கிறது. தட்டும் பெட்டியும் ஒரு முறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் அதில் இந்திச் சேனல்களே மிகுதி. தமிழ்த் தொடர் பார்க்கும் வீட்டுக்கு அது நிறைவு தராது. உண்மையான போட்டி இணையம்தான். 399 ரூபாயும் வரியும் கொடுத்தால் 30 எம்பிபிஎஸ் வேகத்தில் வீடு முழுவதற்கும் வைஃபை கிடைக்கிறது. பையன் படிப்பும், அப்பாவின் செய்தியும், அம்மாவின் நாடகமும் அதிலேயே நடந்துவிடுகின்றன.

எல்லா வீட்டுக்கும் அது ஒத்துவரவில்லை. எங்கள் பகுதியில் தனியே வசிக்கும் ஒரு வயதான அம்மாவுக்கு மகன் ஸ்மார்ட் டிவி வாங்கி வைத்துவிட்டு, பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தார். சில நாளிலேயே அந்த அம்மா நம் உறுப்பினரை அழைத்து, “தம்பி, பழைய பெட்டியையே மாட்டிவிடப்பா. அதில் நம்பரை அழுத்தினால் நாடகம் வரும். இது என்னென்னவோ கேட்கிறது” என்றார். அன்று மாலையே நம் உறுப்பினர் மாட்டிக் கொடுத்தார். இந்த வீடுகளை நாம் கைவிடக் கூடாது. ஆனால் இவற்றை மட்டும் நம்பித் தொழில் நடத்தவும் முடியாது.

இணைப்பை நிறுத்தச் சொன்ன வீட்டில் கோபத்தோடு ஒயரை அறுத்துவிட்டு வந்ததாகவும், முன்பணத்தைத் திருப்பித் தர இழுத்தடித்ததாகவும் புகார்கள் வந்தன. செயற்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. 2024 ஜூலையில் இணைப்புக் கட்டணத்துக்கான 130 ரூபாய் உச்சவரம்பை டிராய் நீக்கியிருக்கிறது. அதைக் காட்டி யாரும் கட்டணத்தை ஏற்ற வேண்டாம் என்றும் தீர்மானித்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களைச் சாய்த்துப் போட்ட பிறகு, மின்வாரிய ஊழியர்களின் பின்னாலேயே ஒயரைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக நடந்தவர்கள் நாம். அந்த நல்ல பெயர் ஒரு செட்டாப் பாக்ஸ் முன்பணத்தை விடப் பெரியது.

இந்த ஆண்டின் உருப்படியான வேலை ஃபைபர் பயிற்சி. முப்பது ஆண்டுகளாகக் கோஆக்சியல் ஒயரைச் சீவிய கைகள் முடியளவு கண்ணாடி இழையைப் பிடித்தபோது நடுங்கின. மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, நேராக வெட்டி இயந்திரத்தில் வைத்தால், ஒரு பொறியில் இரண்டு நுனியும் ஒன்றாகிவிடுகின்றன. வெட்டு கோணலானால் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது. மூத்த உறுப்பினர் ஒருவர் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து, திரையில் இழப்பு 0.02 டெசிபல் என்று வரும்வரை விடவில்லை. ஒரே இழையில் டிவியும் இணையமும் வெவ்வேறு அலைநீளத்தில் போகும். டிவி வேண்டாம் என்பவருக்கும் நாமே இணையம் தரலாம். விலையில் பெரிய நிறுவனங்களை நம்மால் வெல்ல முடியாது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு லைன் அறுந்தால் வீட்டு வாசலில் நிற்கப்போவது நாம்தான்.

தனித்தனியே இந்த இழை ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரத்தை வாங்கிக் கடனாளி ஆகாதீர்கள். சங்கத்தின் பெயரில் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். இதற்கான தனி நிதியை இன்றைய கூட்டம் அனுமதிக்க வேண்டும். கேபிள் சந்தா மீதான 18 சதவீத வரியைக் குறைக்கவும், கம்ப வாடகையை முறைப்படுத்தவும் கோரும் மனுக்களில் எல்லோரும் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். மனுக்கள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
செயலாளர்