வீட்டுத் தனிமையில் இருப்பவர்களுக்குப் பகல் சாப்பாடு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கொரோனா பரவலால் 2021 மே 24 முதல் தமிழ்நாட்டில் தளர்வில்லாத முழு ஊரடங்கு. மளிகைக் கடை, காய்கறிக் கடை எல்லாம் மூடிவிட்டார்கள். காய்கறி வண்டி வரும்போது ஓடிப்போய் நிற்கிறவர்களுக்குக் காய் கிடைக்கிறது. ஓட்டலில் பகல் 12 முதல் 3 மணி வரை பார்சல் உண்டு, ஆனால் வேலையில்லாத வீட்டில் அதற்குக் காசு ஏது? வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால் மொத்தக் குடும்பமும் வாசல் தாண்ட முடியாது. வடசென்னை லைன் வீடுகளில் பாடு இன்னும் அதிகம். ஒரே அறை, பொதுக் கழிப்பறை, சந்துக்கு ஓர் அடிபம்பு. காய்ச்சலில் கிடப்பவரால் அடுப்பின் முன் நிற்க முடியாது, குடத்தோடு பம்படிக்கு வரவும் கூடாது.

இந்தக் குடும்பங்களுக்காகத் தினமும் 100 பொட்டலம் பகல் சாப்பாடு தயாராகிறது. இன்னும் மூன்று வாரம் இதை நிறுத்தாமல் நடத்த உங்கள் உதவி வேண்டும்.

உதவ நினைப்பவர்கள் பெரும்பாலும் அரிசி மூட்டைதான் தருகிறார்கள். அரிசி போதுமான அளவு இருக்கிறது. பருப்பு, எண்ணெய், சிலிண்டர் இவற்றில்தான் தட்டுப்பாடு. 100 பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் அரிசி 8 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, காய் 5 கிலோ, புளி 400 கிராம், எண்ணெய் ஒன்றரை லிட்டர் ஆகும். பருப்பைக் குறைத்தால் அது வெறும் புளிச்சோறு. நோயிலிருந்து எழுகிறவருக்குப் பருப்பு கட்டாயம் சேர வேண்டும். அதனால் 3 கிலோவுக்குக் கீழே போவதில்லை. வாரத்தில் ஐந்து நாள் சாம்பார் சாதம், இரண்டு நாள் தயிர்சாதம். மூன்று வாரத்துக்குத் துவரம்பருப்பு 45 கிலோ, எண்ணெய் 25 லிட்டர், 19 கிலோ சிலிண்டர் நான்கு தேவை. நாட்டுத் தக்காளியைவிடப் பூசணி, கேரட், முள்ளங்கி தந்தால் நல்லது. அவை சில நாள் கெடாமல் தாங்கும்.

சாப்பாடு கெடாமல் போய்ச் சேருவதுதான் இதில் பெரிய வேலை. தொற்று வந்த பலருக்கு வாசனையும் ருசியும் தெரிவதில்லை. ஊசிப்போன சோற்றை முகர்ந்து பார்த்து ஒதுக்க அவர்களால் முடியாது. ஆகவே ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் கட்டிய நேரமும் “பகல் 2 மணிக்குள் சாப்பிடவும்” என்பதும் எழுதப்படுகிறது. ஆவி பறக்கும்போதே மூடிக் கட்டினால் உள்ளே வியர்த்து, தண்ணீர் விட்டுச் சீக்கிரம் கெடும். அதற்காக நீண்ட நேரம் ஆறப்போட்டாலும் கெடும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஆவி அடங்கியதும் கட்டி, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். தயிர்சாதத்தில் தயிரை அதிகம் ஊற்றினால் பகலுக்குள் புளித்துவிடும். குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, கடைசியில் ஒரு கரண்டி தயிர் சேர்த்தால் பதமாக இருக்கும். சாம்பார் சாதத்தை கரண்டியிலிருந்து வழிகிற பதத்தில் இறக்க வேண்டும், கைக்குப் போவதற்குள் அது இறுகிவிடும்.

வீட்டுப் பாத்திரங்களில் தருவதில்லை, வாங்குவதும் இல்லை. வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் வேண்டும். அச்சிட்ட செய்தித்தாள் வேண்டாம், சூட்டில் மை இறங்கும். பொட்டலத்தை வாசல் முக்காலியில் வைத்து, குரல் கொடுத்து, ஆறடி விலகி நின்று, எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்த பிறகே அடுத்த வீடு. மாடியில் இருப்பவர்களுக்குக் கயிற்றில் கட்டிய கூடை. பம்புக்கு வர முடியாத வீடுகளுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனும் அதே வாசலில் இறங்கும்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பத்தும் கேட்கிறோம், அவற்றுக்குச் சின்ன பேட்டரி செல்களும். வீட்டுக்கு வீடு கொடுத்து வாங்கி, ஒவ்வொரு முறையும் துடைத்துத் தருவோம். நகப்பூச்சு, மருதாணி, சில்லிட்ட விரல், தீரப்போகிற செல் இவற்றால் எண் தவறாகக் காட்டும். நகப்பூச்சைத் துடைத்து, மருதாணி இல்லாத விரலாகப் பார்த்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, கையை அசைக்காமல் ஒரு நிமிடம் வைத்திருந்து பார்க்கச் சொல்லித் தருகிறோம். அப்படியும் 94-க்குக் கீழே காட்டினால் காத்திருக்கக் கூடாது, உடனே 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

உங்களால் முடிந்ததைத் தாருங்கள். ஒரு கிலோ பருப்பு 33 பேர் சாப்பாட்டுக்குப் போகும். சமைத்த உணவை மட்டும் அனுப்ப வேண்டாம், எப்போது சமைத்தது என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. பொருட்களைக் காலை 7 முதல் 9 மணிக்குள் சமுதாயக் கூடத்தின் வாசல் மேசையில் வைத்து, உங்கள் பெயரை நோட்டில் எழுதுங்கள். பணமாகத் தருபவர்கள் பொருளாளரிடம் ரசீது வாங்கிக்கொள்ளவும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு வங்கி விவரம் தெருவின் வாட்ஸாப் குழுவில் இருக்கிறது. வரவும் செலவும் தினமும் இரவு 8 மணிக்கு அதே குழுவில் பில்லோடு போடப்படும்.

உங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீடு ஏதும் தெரிந்தால், முதல் நாள் மாலை 6 மணிக்குள் எத்தனை பேர், எந்த மாடி, சர்க்கரை நோயாளி உண்டா என்று சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் மறுநாள் அரிசி ஊறும்.

இப்படிக்கு,
தெருச் சமையல் குழு