பத்தொன்பது விநாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ போன் செய்து மூன்று வாரம் ஆகிறது, அதைக் கேட்பதற்காக எழுதவில்லை. அம்மா அனுப்பும் குட் மார்னிங்குக்கெல்லாம் கட்டைவிரல் போடுகிறாய், அதனால் நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே எல்லோரும் சௌக்கியம். போர்வெல்லில் மறுபடி தண்ணீர் இறங்கிவிட்டது. குமார் விஷயம் நீ பயந்த மாதிரியே முடிந்தது, அதை அம்மா சொல்வாள், எனக்கு எழுதக் கை வரவில்லை.

ராத்திரியில் வண்டி ஓட்டாதே. நடுவர் வேலை முடிந்து இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு கொலம்பஸ் திரும்புகிறாய் என்று அம்மாவிடம் சொன்னாயாம். நவம்பரில் அங்கே சீக்கிரமே இருட்டிவிடும், ரோட்டில் மான் வரும் என்று நீதானே சொன்னாய்? அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டு மறுநாள் போ. அவர்கள் கொடுக்கிற பணம் அறை வாடகைக்கே போய்விடும் என்பாய். போகட்டும்.

போன மாதம் பென்ஷன்காரர்கள் கூட்டத்தில் ஒருவர் உன்னைப் பற்றி விசாரித்தார். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமைகளில் கல்லூரி ஃபுட்பாலுக்கு நடுவர் என்றேன். காலால் உதைக்கிறதா என்று கேட்டார். இல்லை ஐயா, கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். வெள்ளைத் தொப்பி போட்டவர்தான் ரெஃப்ரி, அதாவது தலைமை நடுவர், மற்றவர்களுக்குக் கறுப்புத் தொப்பி, என் மகள் சைடு ஜட்ஜ், கடைசிக்கோடு வரை ஓட வேண்டிய வேலை என்றெல்லாம். டீ ஆறிப்போய்விட்டது. நீ முதன்முதலில் இந்த வேலைக்குப் போகிறேன் என்றபோது பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்று நான் கத்தியதும், நீ பதில் பேசாமல் சாரா தாமஸ் படத்தை அனுப்பியதும் ஞாபகம் இருக்கிறது. 2007-லேயே பெரிய கல்லூரி ஆட்டத்துக்கு நடுவராக நின்றவர், 2015-ல் என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீகுக்கே போனவர். படத்தைப் பார்த்தேன், ஒன்றும் எழுதவில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

விதிப்புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன், தெரியுமா? கடைக்காரப் பையன் பேரனுக்கா சார் என்று கேட்டான். பாதி புரியவில்லை. ஆனால் கடிகாரம் பற்றிய பகுதி எனக்குப் பிடித்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவனுக்கு வேறு எது பிடிக்கும்? (இப்போது கார்டு என்று சொல்லக்கூடாதாம், டிரெயின் மேனேஜராம்.) போன முறை வந்திருந்தபோது தட்டில் இரண்டு இட்லியை வைத்து எனக்கு விளக்கினாயே. ஒரு அணிக்கு நாலு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன், அதற்குள் பத்து யார்டு தாண்டினால் மறுபடி ஃபர்ஸ்ட் டவுன், முன்பெல்லாம் ஒவ்வொரு ஃபர்ஸ்ட் டவுனுக்கும் கடிகாரத்தை நிறுத்துவார்கள், 2023-ல் அதை எடுத்துவிட்டார்கள், இனி ஒவ்வொரு பாதியிலும் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்தான் அப்படி நிற்கும் என்று. அம்மா சாம்பார் ஊற்ற வந்து, என்னடி இட்லியைக் கிரவுண்டு ஆக்கிவிட்டாய் என்றாள். அன்று ராத்திரி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் விரலைக் கவனித்தேன். மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டை, அதன் வளையத்தை ஆள்காட்டி விரலிலிருந்து நடுவிரலுக்கு மாற்றினாய், அப்புறம் மோதிர விரலுக்கு, சுண்டு விரலுக்கு, மறுபடி முதலிலிருந்து. எத்தனையாவது டவுன் என்று மறக்காமல் இருக்க நீங்கள் போட்டுக்கொள்கிற பட்டை. டிவியில் மாமியார் அழுதுகொண்டிருக்கிறாள், நீ நாலு டவுன் எண்ணிக்கொண்டிருக்கிறாய். அப்போது சிரிப்பு வந்தது. இப்போது அதை நினைத்தால் தொண்டையை என்னவோ செய்கிறது.

சரி. இனிச் சுற்றி வளைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தை நான் பார்த்தேன்.

கல்லூரிக்காரர்களே நெட்டில் இலவசமாகக் காட்டுகிறார்கள் என்று நீ சொல்லி வைத்ததுதான். உங்களுக்குப் பகல் ஒரு மணி, எங்களுக்கு ராத்திரி பத்தரை. அம்மா தூங்கிவிட்டாள். ஒன்றரை மணி சுமாருக்கு ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. நாலு புள்ளி பின்தங்கிய பையன்கள் கையில் பந்து, டைம் அவுட் ஒன்றும் மிச்சமில்லை. எறிந்த பந்து தரையில் விழுந்தது, கடிகாரம் 48 விநாடியில் நின்றது. அடுத்து ஒரு பையன் பந்து நகர்வதற்கு முன்னாலேயே அசைந்துவிட்டான், மஞ்சள் கொடி விழுந்தது, ஃபால்ஸ் ஸ்டார்ட், ஐந்து யார்டு. அதுவரை எல்லாம் சரி. அப்புறம் வெள்ளைத் தொப்பிக்காரர் கையைச் சுற்றினார், கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

ஓடக்கூடாதே! கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபால்ஸ் ஸ்டார்ட் விழுந்திருந்தால் வேறு கதை, பத்து விநாடியைக் கழிக்கலாம், அவர் கை சுற்றியதும் ஓடலாம். இங்கே பந்து தரையில் விழுந்ததற்காக முன்பே நின்ற கடிகாரம். ஸ்நாப், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து அடுத்த முயற்சி தொடங்கிய பிறகுதான் அது அசைய வேண்டும். எனக்கே தெரிகிறது. அந்தப் பையன்களுக்கும் தெரிந்திருந்தது, அதுதான் பாவம், கடிகாரம் நிற்கிறது என்ற நம்பிக்கையில் நிதானமாகக் கூடிப் பேசிவிட்டு வந்து நின்றார்கள். பந்து நகர்ந்தபோது 29. பத்தொன்பது விநாடி போயிருந்தது. கடைசியில் கோல் கோட்டுக்கு ஒன்பது யார்டு இருக்கும்போது நேரம் முடிந்தது, தோற்றார்கள்.

நான் எழுத வந்தது அந்தப் பத்தொன்பது விநாடியைப் பற்றி இல்லை. அவர் கையைச் சுற்றிய உடனே கேமராவின் ஓரத்தில் நீ தெரிந்தாய். உன் கை விசில் பக்கம் போனது. அவரை நோக்கி இரண்டடி வைத்தாய். நின்றாய். அப்புறம் உன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டாய்.

அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள்.

அதற்கப்புறம்தான் நீ பேசவில்லை. உங்கள் நடுவர் குழுவை என்ன செய்தார்கள், உனக்கு அடுத்த ஆட்டம் கொடுத்தார்களா இல்லையா, எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்கவும் இல்லை. பெரிய ஆட்டங்களிலேயே இது நடந்திருக்கிறது. 2016-ல் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் சென்ட்ரல் மிச்சிகனுக்கும் நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். நேரம் முடிந்த பிறகு, கொடுக்கக்கூடாத ஒரு டவுனைக் கொடுத்துவிட்டார்கள். டவுனையும் சேர்த்துப் பறிக்கிற தண்டனை என்றால் ஆட்டத்தை நீட்டக்கூடாது என்பது விதி, மைதானத்தில் இருந்தவர்களுக்கும் ரீப்ளே அறையில் இருந்தவர்களுக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. ஒருவர் கூடவா? தோன்றியும் பேசாமல் இருந்தவர் ஒருவராவது இருந்திருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது. 27-24 என்று தோற்கவேண்டிய சென்ட்ரல் மிச்சிகன் 30-27 என்று ஜெயித்தது. இரண்டு நடுவர் குழுவையும் இரண்டு ஆட்டத்துக்கு நிறுத்தி வைத்தார்கள், முடிவு மாறவில்லை. 1940-ல் கார்னெல் அணிக்கு ஐந்தாவது டவுனைக் கொடுத்துவிட்ட நடுவர் ரெட் ஃப்ரீசெல், படச்சுருளைப் போட்டுப் பார்த்த பிறகு தப்பு என்னுடையது என்று சொன்னார். கார்னெல்காரர்கள் 7-3 வெற்றியை விட்டுக்கொடுத்தார்கள். எதிரணி டார்ட்மௌத் 3-0 என்று ஜெயித்ததாகத்தான் இன்றுவரை கணக்கு.

நீ சொல்லியிருக்கவேண்டும் பாப்பா. அடுத்த ஸ்நாப்புக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடிகாரத்தில் 48-ஐத் திரும்பப் போட்டிருக்கலாம். அத்தனை வருஷம் படித்தாய், பரீட்சை எழுதினாய், அந்த இரண்டடி வரை வந்தாய்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். இப்போது மறுநாள். அம்மா பேங்குக்குப் போயிருக்கிறாள்.

ரயில்வே காலனியில் நம் எதிர் வரிசையில், சிக்னல் போடுகிற கேபின் மாமா இருந்தாரே. உனக்குப் பத்து வயது. அவர் மகள் உன்கூடத்தான் பள்ளிக்கூடம் வருவாள். திடீரென்று அவர்கள் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். நீ ஒருநாள் சாப்பிடும்போது எல்லோருக்கும் முன்னால் கேட்டாய், அப்பா, மாமா மேல எதுக்கு சார்ஜ் ஷீட் போட்டாங்க, அவர் கரெக்ட் டைம்ல சிக்னல் போட்டேன்னு சொல்றாராமே என்று. பெரியவங்க விஷயத்துல வாயைத் திறந்தே, தொலைச்சிடுவேன் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன். நீ பாதிச் சோற்றோடு உட்கார்ந்திருந்தாய்.

அவர் சரியான நேரத்துக்குத்தான் சிக்னல் போட்டார். கூட்ஸ் வண்டி, எக்ஸ்பிரஸ் தாண்டுவதற்காக லூப் லைனில் ஒதுங்கி நின்றிருந்தோம், ராத்திரி இரண்டு மணி இருக்கும். கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் நான் தூங்கிவிட்டேன். டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார், நான் எழுந்து பச்சை விளக்கைக் காட்டியபோது ஏழு நிமிஷம் போயிருந்தது. ஜர்னலில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். சிக்னல் தாமதம் என்று எழுதினேன். டிரைவரும் என்மேல் இரக்கப்பட்டு அதையே எழுதினார். இரண்டு பேர் எழுத்துக்கு முன்னால் கேபின் மாமாவின் பேச்சு எடுபடவில்லை. அவருக்கு ஒரு வருஷ இன்க்ரிமென்ட் போனது. ஒரு வாரத்துக்குள் போய்ச் சொல்லியிருந்தால் எனக்குத் தண்டனை கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ஒரு மாதம் போனது, அப்புறம் எனக்கு மாற்றல் வந்தது. அம்மாவுக்குக்கூட இன்றுவரை தெரியாது.

அவர் இப்போது மகன் வீட்டில் இருக்கிறாராம், காது சரியாகக் கேட்காதாம். வருகிற வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். அம்மாவிடம் கல்யாண வீடு என்று சொல்லியிருக்கிறேன், அதையும் வந்து சரிசெய்ய வேண்டும்.

நீ நின்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது எனக்கு அந்தச் சோற்றுத்தட்டுதான் தெரிந்தது. வேறு காரணமாகவும் இருக்கலாம். அந்த வெள்ளைத் தொப்பிக்காரர் அனுபவசாலி, உனக்கு அந்த நிமிஷம் சந்தேகம் வந்திருக்கலாம். நீ சொன்னால்தான் தெரியும்.

ஆட்டத்துக்கு முன்னால் ஏதாவது சாப்பிடு, வாழைப்பழமாவது. நீல ஸ்வெட்டரை அம்மா பார்சலில் போட்டுவிட்டாள். ராத்திரியில் வண்டி ஓட்டாதே.

விதிப்புத்தகத்தில் ஒரு சந்தேகம். பத்து விநாடி கழிக்கிற தண்டனையில், எதிரணி ஐந்து யார்டை மட்டும் எடுத்துக்கொண்டு விநாடியை வேண்டாம் என்று சொல்லலாம், அது புரிந்தது. யார்டு வேண்டாம், விநாடியை மட்டும் கழியுங்கள் என்று கேட்டால்? முடியாது என்று நினைக்கிறேன், யார்டை விட்டால் விநாடியும் போய்விடும் போல இருக்கிறது. சரியா என்று போனில் சொல். எந்த நேரமானாலும் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா