புழு எண்ணுகிறவளின் கடிதம்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்பின் வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவனுக்குப் பல் முளைத்த கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஒரே சிரிப்பு. கடைசியில் ஒரு குத்தல் வைத்தாயே, "இவ்வளவு படித்துவிட்டுக் கொழும்பில் இருந்து புழுவா எண்ணுகிறாய்?" என்று. ஓம், எண்ணுகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் 240.

எலிகன்ஸ் என்று ஒரு புழு. ஒரு மில்லிமீற்றர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு. நுணுக்குக்காட்டியில் குடல்கூடத் தெரியும். அதன் சாப்பாடே பக்டீரியா என்பதுதான் எங்களுக்கு வசதி. வழக்கமாகக் கொடுக்கிற சாதுவான ஈகோலை பக்டீரியாவுக்குப் பதில் சூடோமோனாஸ் என்ற நோய்க்கிருமியைத் தட்டில் பூசிவிட்டால் போதும், ஊசி கூடத் தேவையில்லை. தானே தின்னும், கிருமி குடலில் பெருகும், இரண்டு மூன்று நாளில் சாகத் தொடங்கும். பிளாற்றினக் கம்பியால் மெல்லத் தொடுவேன். அசையாவிட்டால் செத்த கணக்கு.

சூடோமோனாஸ் ஆஸ்பத்திரிகளில் தீப்புண்ணிலும் சுவாசக் குழாயிலும் ஒட்டிக்கொள்கிற அதே சனியன்தான். அதன் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்துப் புழுவுக்குக் கொடுப்போம். எந்தக் கிருமி கொல்ல முடியாமல் நிற்கிறதோ, அதில் ஓர் ஆயுதம் பறிபோயிருக்கிறது என்று அர்த்தம். 1999இல் பொஸ்ரனில் ஃப்ரெடெரிக் ஒசுபெல் என்ற விஞ்ஞானியின் குழு இதைத்தான் செய்தது. புழுவில் அகப்பட்ட மரபணுக்கள் சில, செடியிலும் எலியிலும் நோயை உண்டாக்கத் தேவைப்பட்டவை. நுரையீரலோ இரத்தமோ இல்லாத புழு எப்படி மனிதரைப் பற்றிச் சொல்லும் என்று நீ கேட்பாய். எனக்குப் படுவது, இந்தக் கிருமி மனிதரை நினைத்து ஆயுதம் செய்யவில்லை. மண்ணில் தன்னைத் தின்ன வருகிற புழுவோடும் அமீபாவோடும் எத்தனையோ காலமாகச் சண்டை. நாங்கள் நடுவில் போய் அகப்பட்டவர்கள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிடாது. இந்தப் புழுவை 37 பாகையில் வைக்க முடியாது, மனித உடம்பின் சூட்டில் கிருமி என்ன செய்கிறது என்று பார்க்க வழியில்லை. தேன்கூட்டை அரிக்கிற மெழுகு அந்துப்பூச்சியின் குடம்பி அந்தச் சூட்டைத் தாங்கும். கிருமியை அதன் காலடியில் ஏற்றினால் உடம்பு கறுத்துப்போகும், பார்த்தாலே தெரியும். அதையும் தொடங்க ஆசை, காசுதான் இல்லை.

போன மாதம் மின்சாரம் போய், 20 பாகையில் இருக்க வேண்டிய பெட்டி கொழும்பு வெக்கைக்கு வந்துவிட்டது. ஒரு கிழமை வேலை பாழ். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். அப்புறம் அம்மா புட்டும் சம்பலும் கொண்டு வந்து எழுப்பினா.

சரி, முக்கியமானதைச் சொல்லவேண்டும். உங்கள் சித்தப்பா சலரோகத்தோடு வெறுங்காலுடன் வயலுக்கு இறங்குகிறார் என்று எழுதியிருந்தாய். மெலியொய்டோசிஸ் என்று ஒரு நோய், சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமியால் வருவது. அந்தக் கிருமியும் எங்கள் புழுவைக் கொல்லும். இலங்கையில் 1927இலேயே ஐரோப்பியத் தேயிலைத் தரகர் ஒருவரிடம் கண்டார்கள். சலரோகக்காரருக்குத்தான் ஆபத்து அதிகம், சயரோகம் என்று தவறாக நினைக்கவும் இடமுண்டு. காலில் காயம் இருந்தால் வயலில் இறங்க விடாதே. பூட்ஸ் ஒரு சோடி வாங்கி அனுப்புகிறேன், கால் அளவை எழுது. மழைக்காலத்தில் காய்ச்சல் விடாமல் இருந்தால், வயல் வேலை என்பதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லு.

அன்புடன்,
சுகந்தி