தாமரையும் அல்லியும் ஒரே குடும்பமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், தாமரையும் அல்லியும் ஒரே குடும்பம் என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

பெந்தம், ஹூக்கர் என்ற தாவரவியலாளர்கள் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட வகைப்பாட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. வெளித்தோற்றத்தை வைத்து அன்று அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் மரபணுவை ஆராய்ந்து 1998இல் ஏபிஜி (பல நாட்டுத் தாவரவியலாளர்கள் சேர்ந்த குழு) வகைப்பாடு வந்தபோதே தாமரை நெலம்போனேசி என்ற தனிக் குடும்பமாக, புரோட்டியேல்ஸ் துறைக்கு (துறை என்பது நெருங்கிய குடும்பங்களின் தொகுப்பு) போய்விட்டது. அல்லியைவிட மக்கடேமியா மரம்தான் அதற்குக் கிட்டத்துச் சொந்தம். தாங்கள் அறியாததல்ல.

மரபணு வரை போவானேன்? அல்லி இலையில் ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு பிளவு இருக்கும். தாமரை இலை பிளவே இல்லாத முழு வட்டம், காம்பு நடுவில் வந்து சேரும். அல்லிக் காய் தண்ணீருக்குள் முற்றும். தாமரையிலோ பூத்தளம், அதாவது பூவின் அடிப்பகுதி, பம்பரம் போலத் தடித்து, குழிக்கு ஒரு விதையாகத் தண்ணீருக்கு மேலே நிற்கும். தாவரவியல் ஆசிரியராக இருந்த காலத்தில் இரண்டையும் மேசைமேல் வைப்பேன். நான் வாய் திறக்கும் முன்பே பிள்ளைகள் வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஒரு வரியோடு போயிருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். சூரியகாந்தியின் 'இதழ்களை' எண்ணச் சொல்லிப் புதிர் போட்டீர்கள். அதில் இதழாகத் தெரியும் ஒவ்வொன்றும் தனிப் பூ என்று அன்றே எழுதினேன், பதில் வரவில்லை. அப்புறம் வெங்காயம், சோற்றுக்கற்றாழை, செங்காந்தள் மூன்றையும் லில்லியேசி என்ற ஒரே குடும்பத்தில் அடைத்தீர்கள். இன்று அவை அமரில்லிடேசி, ஆஸ்ஃபோடெலேசி, கால்ச்சிகேசி என மூன்று குடும்பங்கள். பூக்கும் தாவரங்கள் எல்லாமே ஒருவிதையிலை, இருவிதையிலை என்ற இரண்டில் அடங்கும் என்றும் எழுதினீர்கள். மிளகும் மக்னோலியாவும் இரண்டிலும் சேராத தனிக் கிளை என்று சொல்ல ஒரு வரி போதுமே!

என்னை மிகவும் வருத்தியது வேறு. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, தேக்கு லேமியேசி குடும்பம் என்று சரியாக எழுதினாள். வெர்பினேசிதான் என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். கேட்டதற்கு ஆதாரமாகக் காட்டியது தங்கள் பத்திரிகையின் பக்கத்தை. அச்சில் வந்ததை நம்பினார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. நம்பிக்கைக்கு உரியதாக அச்சிட வேண்டியவர்கள் தாங்கள் அல்லவா?

ஏபிஜி வகைப்பாட்டின் 2016இல் வந்த நான்காம் பதிப்பு 64 துறைகள், 416 குடும்பங்கள் என்று பட்டியலிட்டிருக்கிறது, யாரும் பார்க்கலாம். அடுத்த இதழில், அதே பக்கத்தில், தாமரைக்கு இரண்டு வரி திருத்தம் போடுங்கள். இனி ஒரு செடியின் குடும்பத்தைச் சொல்லும்போது எந்த வகைப்பாட்டின்படி என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்