அந்த மனுவைக் கொடுக்காதீர்கள்: ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம். நம் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு வகுப்பாசிரியராகவும் ஆங்கில ஆசிரியராகவும் வந்திருக்கும் டீச்சரை மாற்றச் சொல்லி ஒரு மனு கையெழுத்துக்குச் சுற்றி வருகிறது. அதில் எழுதியிருக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: அவருக்குப் பார்வை இல்லை. அந்தத் தாள் என் வீட்டுக்கும் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்பதை வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

ஆசிரியரைப் பற்றிப் பெற்றோர் கேள்வியே கேட்கக் கூடாது என்பது என் கட்சி இல்லை. பிள்ளையை அடித்தால் கேட்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது. தவறான எண்ணத்தோடு தொட்டால் மனு எழுதிக்கொண்டிருக்கவே கூடாது, நேரே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்க வேண்டும். வகுப்புக்கு ஒழுங்காக வராவிட்டாலும், பாடத்தை முடிக்காவிட்டாலும், சாதியைச் சொல்லித் திட்டினாலும் தலைமையாசிரியர் அறையில் உங்களோடு நானும் வந்து நிற்பேன். அவையெல்லாம் ஒருவர் செய்த காரியங்கள், செய்ததற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த டீச்சர்மேல் அப்படி ஒரு புகாராவது மனுவில் இருக்கிறதா? அவர் முதல் பாடத்தையே இன்னும் நடத்தி முடிக்கவில்லை.

உங்கள் கவலை பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் இருந்தது. போர்டில் எப்படி எழுதுவார், நோட்டை எப்படித் திருத்துவார், சேட்டை செய்தால் எப்படித் தெரியும் என்று மூன்று கேள்வி.

போர்டு விஷயம் நாம் நினைக்கிற அளவுக்குச் சிக்கல் இல்லை. ஒரு பிள்ளையைப் பாடத்தை வாசிக்கச் சொல்லி, இன்னொரு பிள்ளையைப் போர்டில் எழுதச் சொல்லி, எழுதியதை மூன்றாவது பிள்ளையை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வது பார்வையற்ற ஆசிரியர்கள் பலரும் கையாளும் முறை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் வரலாறும் சொல்லித்தரும் பார்வையற்ற ஆசிரியர்கள் இன்று நேற்று வந்தவர்கள் இல்லை. ஆங்கிலத்துக்கு இந்த முறை எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் போர்டைப் பார்த்துப் பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். எழுந்து நின்று நான்கு வரி வாசிக்கச் சொன்னால்தான் தொண்டை அடைக்கும். வகுப்பு முழுவதையும் காதால் நடத்தும் ஒருவரிடம் வாயைத் திறக்காமல் ஓர் ஆண்டை ஓட்ட முடியாது. சத்தமாக வாசிக்கவும் பேசவும் வேறு எந்த வகுப்பில் அவர்களுக்கு இவ்வளவு வாய்ப்புக் கிடைக்கப்போகிறது?

பாடக்குறிப்பு எழுதுவதற்கும் கேள்வித்தாள் தயாரிப்பதற்கும் கணினி இருக்கிறது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006-ல் தொடங்கினார், பார்வையற்ற இன்னொருவர் பிறகு அவரோடு சேர்ந்துகொண்டார். அது இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும்.

நோட்டுத் திருத்துவதுதான் நிஜமான சிரமம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்தை மென்பொருள் சரியாக வாசித்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது. பக்கத்தில் ஒருவர் இருந்து வாசித்துக் காட்ட வேண்டும். மார்க் சம்பந்தப்பட்டது என்பதால் அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடவும் கூடாது. சரி, அந்த ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டியது யார்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-ஆவது பிரிவில், வேலை செய்வதற்குத் தேவையான வசதிகளை அரசு நிறுவனம் செய்துதர வேண்டும் என்று சொல்கிறது. அப்படியானால் நாம் போய்க் கேட்க வேண்டியது பள்ளி நிர்வாகத்தையும் கல்வித் துறையையும். நீங்கள் எழுதிய மனுவோ அவர்கள் செய்ய வேண்டியதைப் பற்றி ஒரு வரியும் சொல்லாமல் டீச்சரை மட்டும் வெளியே போகச் சொல்கிறது.

சேட்டையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பார்வை இல்லாதவரை நம் பிள்ளை ஏமாற்றுவான் என்று பயமாக இருந்தால், நாம் உட்கார வைத்துப் பேச வேண்டியது பிள்ளையிடம்.

'கோட்டாவில் வந்தவங்கதானே' என்று ஒருவர் என்னிடமே சொன்னார். ஆமாம், அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் இருக்கிறது, அதில் 1 சதவீதம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. அந்த இடத்துக்கும் பட்டம் வேண்டும், பி.எட். வேண்டும், தேர்விலும் தேற வேண்டும். 2014-ல் ஆசிரியர் தகுதித் தேர்வில் 5 சதவீத மதிப்பெண் சலுகை வந்தபோது மாற்றுத்திறனாளிகளோடு சேர்த்துப் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தார், பழங்குடியினர் எல்லாருக்கும்தான் வந்தது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் இந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கிறோம்? நம் பிள்ளைகள் நாளைக்கு அதே இட ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய் நிற்கும்போது யாராவது இந்த வார்த்தையைச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

பார்வையற்றவர்கள் நீதிபதி பதவிக்குப் போட்டியிடவே முடியாதபடி மத்தியப் பிரதேசத்தில் ஒரு விதி இருந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாம் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு, ஏழாம் வகுப்பு ஆங்கிலம் நடத்தக் கூடாது என்று நாம் சொல்வதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2023-ல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானபோது, கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைத்த சாப்பாட்டைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்து நம்மில் பலர் கொதித்தோம். இது வேறு, அது வேறு என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கேயும் சமையல் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, சமைத்தது யார் என்றுதான் கேட்டார்கள்.

வீட்டில் நாம் பேசுவதெல்லாம் பிள்ளைகள் காதில் விழுகிறது. நம் பள்ளியில் காது கேட்கும் கருவி போட்டுக்கொண்டு வரும் பிள்ளை இருக்கிறது, காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் பிள்ளை இருக்கிறது. நன்றாகப் படி, வேலைக்குப் போகலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அப்படியே படித்து வேலைக்கு வந்து நிற்கும் ஒருவரை அவர்கள் கண்முன்னே திருப்பி அனுப்பினால், இனி அந்தப் பேச்சை அவர்கள் எப்படி நம்புவார்கள்? அப்புறம் அந்த டீச்சர். வகுப்பறை வாசலில் நின்று சிலர் பேசியது எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறீர்களா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், தலைவரும் நம்மில் ஒருவர். அடுத்த கூட்டத்தில் வைப்பதற்காக நான் வேறொரு மனு எழுதியிருக்கிறேன். தேர்வுத்தாளும் நோட்டும் வாசித்துக் காட்ட ஓர் ஆள், டீச்சருக்கு ஒரு மடிக்கணினி, மாடிப்படிக்குக் கைப்பிடி, 'பி' பிரிவைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது, வருகைப்பதிவைச் செயலியில் ஏற்ற இன்னோர் ஆசிரியரின் உதவி. இவ்வளவுதான் அதில் இருக்கிறது. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் டீச்சரோடு உட்கார்ந்து பேசுவோம். பெற்றோரைக் கூப்பிட்டுப் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசுவது ஆசிரியரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவே சொல்கிறது. பிள்ளைகளின் ஆங்கிலம் அப்போது பின்தங்கியிருந்தால், என்ன செய்யலாம் என்று அவர் முகத்துக்கு நேரே, மரியாதையோடு கேட்போம்.

பழைய மனுவில் கையெழுத்துப் போட்டவர்களும் இதில் போடலாம். தாள் என் வீட்டில் இருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் எந்த நாள் சாயங்காலமும் வாருங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவி ஒருத்தியின் தாய்